பேர் ஒருத்தரோடது, பேச்சு இன்னொருத்தரோடது

ஆபீஸ் வேலையா நாலு மாசம் பல்கேரியாவோட தலைநகர் சோஃபியாவில இருந்தப்ப நடந்தது இது. கூட வேலை பார்த்தவர் ஒருத்தர், ஐம்பது வயசைத் தாண்டினவர், ஒரு சனிக்கிழமை விடியக்காலையில தன்னோட கார்ல என்னை ஏத்திக்கிட்டு வடகிழக்குல இருக்கிற ஷுமென் பக்கம் கிளம்பினார். மதாரா பாறைச் சிற்பத்தையும் பழைய தலைநகர் ப்ளிஸ்காவையும் காட்டாம உங்களை ஊருக்கு அனுப்ப மாட்டேன்னு முதல் வாரத்துலேர்ந்தே சொல்லிட்டு இருந்தவர். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சூரியகாந்தி வயல், அவர் நல்ல மூட்ல இருந்தார், பேச்சுவாக்குல சொன்னார்: "ஐரோப்பாவுல வச்ச பேரை மாத்தாம இருக்கிற ரொம்பப் பழைய நாடு எங்களோடது, 681லேர்ந்து அதே பேர்." நான் ஒண்ணும் யோசிக்காம கேட்டுட்டேன், "அந்த 681 ஆளுங்க பேசின பாஷை உங்களுக்குப் புரியுமா?"

அவர் கொஞ்ச தூரத்துக்குப் பேசவே இல்ல. அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கிட்டே, "புரியாது. எங்க யாருக்கும் புரியாது. ஆனா அவங்க நாங்கதான்"ன்னார்.

நான் மனசு புண்படுத்த கேக்கல. ஆனா புண்பட்டுச்சுன்னு தெரிஞ்சுது. அன்னிக்கு முழுக்க அது உறுத்துச்சு, ஊருக்கு வந்தப்புறமும் உறுத்துச்சு. ஏன்னா மொழின்னா ஆளு, ஆளுன்னா மொழின்னே வளர்ந்தவன் நான், மொழி போயிடுச்சுன்னா அப்புறம் மிச்சம் என்ன இருக்குன்னு கேக்கிற பழக்கம் எனக்கு ரத்தத்துலயே இருக்கு. குதிரை மேல வந்த பல்கர்கள் பேசினது துருக்கிய குடும்பத்து மொழி, இன்னிக்கு பல்கேரியர்கள் பேசுறது ரஷ்ய மொழியோட குடும்பமான ஸ்லாவ் மொழி. ஜெயிச்சவங்களோட பேச்சு அழிஞ்சு போச்சு, பேர் மட்டும் நின்னுச்சு. அப்படின்னா அந்த நாட்டை உருவாக்கினது யாரு, அது எப்ப உருவாச்சு? 681ன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்கிறாங்க. எனக்கு அந்த பதில் போதல. அதனால கிடைச்சதையெல்லாம் படிச்சேன், படிக்கப் படிக்க என்னோட கேள்வியே தப்பான இடத்துல நின்னு கேட்ட கேள்வின்னு தோண ஆரம்பிச்சுது.

அஞ்சு பிள்ளைங்க

குப்ராத் கதையை பல்கேரியாவுல சின்னப் பசங்க கூட சொல்லுவாங்க. சாகப் போற அப்பா அஞ்சு பிள்ளைங்களையும் கூப்பிட்டு ஒரு கட்டு குச்சியைக் கொடுத்து உடைக்கச் சொல்றாரு, முடியல, அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து உடைச்சுக் காட்டுறாரு, பிரியாதீங்கடான்னு சொல்றாரு. பழைய கிரேக்க எழுத்தாளர்கள் வேற ராஜாக்கள் பத்தியும் சொன்ன கதைதான் இது. கிரேக்கத்துல எழுதின துறவி தெயோஃபானஸோட வரலாற்றுக் குறிப்புல குச்சியெல்லாம் இல்ல, பிரிஞ்சு போகாதீங்கன்னு அப்பா சொன்னாரு, பிள்ளைங்க கேக்கலன்னு மட்டும் இருக்கு. ஆனா அந்த அப்பா நிஜம். 1912ல உக்ரைன்ல போல்டாவா பக்கத்துல ஒரு கிராமத்து மணல்ல கிலோ கணக்குல தங்கமும் வெள்ளியும் கிடைச்சுது, அதுல இருந்த மோதிரங்கள்ல ஒண்ணோட முத்திரையை குப்ராத், பட்ரீசியன்னு படிக்கிறாங்க. பட்ரீசியன்ங்கிறது கான்ஸ்டான்டினோப்பிள்ல இருந்த கிழக்கு ரோமானியப் பேரரசு கொடுக்கிற பட்டம். அசோவ் கடலுக்கும் கருங்கடலுக்கும் நடுவுல, சுமார் 632லேர்ந்து அந்த மனுஷன் கட்டின அரசைத்தான் பழைய பெரிய பல்கேரியான்னு சொல்றாங்க. அவர் செத்ததும் கிழக்குலேர்ந்து கசார்கள்ங்கிற இன்னொரு குதிரைக் கூட்டம் அழுத்துச்சு, குடும்பம் உடைஞ்சுது.

மூத்தவன் பத்பயான் அப்பா மண்ணுலயே இருந்து கசார்களுக்கு வரி கட்டினான். கோத்ராக்கோட கூட்டம் வடக்க வோல்கா ஆத்துப் பக்கம் போச்சு. ஒருத்தன் இன்னிக்கு ஹங்கேரி இருக்கிற பன்னோனியாவுக்கு, அங்க ஆண்ட அவார்கள் கிட்டப் போனான், அங்கிருந்து குபேர்ங்கிற தலைவனோட ஒரு கூட்டம் தெசலோனிக்கி பக்கத்துல வந்து குடியேறுச்சு. இன்னொரு கூட்டம் அல்செக்ங்கிறவன் பின்னாடி இத்தாலிக்கே போச்சு, பெனவெந்தோ டியூக் அவங்களுக்கு செப்பீனோ, போயானோ, இசெர்னியா பக்கம் இடம் கொடுத்தாரு, நூறு வருஷத்துக்கு அப்புறமும் அவங்க லத்தீனோட சேர்த்து சொந்த பாஷையையும் பேசிட்டு இருந்தாங்கன்னு வரலாற்று ஆசிரியர் பால் த டீக்கன் எழுதி வச்சிருக்காரு. அந்த ஒரு வரியைப் படிச்சப்ப எனக்கு தொண்டை அடைச்சுது. மலைக்கு நடுவுல நாலு ஊர்ல, சுத்தி லத்தீன், வீட்டுக்குள்ள மட்டும் அந்தப் பேச்சு.

மிச்சம் இருக்கிறவன் அஸ்பாரூஹ். டான்யூப் ஆறு கடல்ல கலக்குற இடத்துக்குப் பக்கத்துல, ஓங்லோஸ்ங்கிற சதுப்பு நிலத்துல கோட்டை கட்டி உக்கார்ந்தான். 680ல பேரரசன் நாலாம் கான்ஸ்டான்டைன் தரைப்படை கப்பல் படை ரெண்டையும் கூட்டிட்டு வந்தாரு. சதுப்புல படை இறங்க முடியல, பேரரசருக்கு கால்ல வாத நோவு, சிகிச்சைக் குளியலுக்கு மெசெம்ப்ரியாவுக்கு கப்பல்ல போயிட்டாரு, ராஜா ஓடிட்டாருன்னு குதிரைப்படைக்குள்ள வதந்தி கிளம்பி படையே சிதறி ஓடுச்சு. பல்கர்கள் பின்னாடியே துரத்தி டான்யூபைத் தாண்டி வார்னா வரைக்கும் வந்துட்டாங்க. அடுத்த வருஷம் ஒப்பந்தம், பேரரசு வருஷா வருஷம் கப்பம் கட்டணும்னு. 681 ஆகஸ்ட்ல கான்ஸ்டான்டினோப்பிள்ல நடந்த திருச்சபை மாநாட்டுல சிரியாவுலேர்ந்து வந்த ஒரு பாதிரியார் இந்த பல்கேரிய யுத்தத்துல நாம பட்ட அடியைப் பத்திப் பேசினது நடவடிக்கைக் குறிப்புல பதிவாகியிருக்கு. அந்த வருஷக் கணக்கு நிக்கிறதுக்கு இதுவும் ஒரு ஆதாரம்.

ஆனா நான் நின்ன இடம் யுத்தம் இல்ல. தெயோஃபானஸ் அதுக்கடுத்து எழுதுறது: அங்க ஏற்கனவே ஏழு ஸ்லாவ் இனக்குழுக்கள் இருந்தாங்க, பல்கர்கள் அவங்களை மேற்கயும் தெற்கயும் அவார் எல்லைப் பக்கம் குடி வச்சாங்க, செவேரிங்கிற இன்னொரு ஸ்லாவ் கூட்டத்தை கிழக்குல மலைக் கணவாய் வாசல்ல வச்சாங்க. அந்த ஏழு குழுவும் பாக்டோன் கீழ இருந்தாங்கன்னு ஒரு சொல் போடுறாரு. பாக்டோன்னா ஒப்பந்தமா, கப்பமான்னு அறிஞர்கள் நூறு வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. ஒப்பந்தம்னா ரெண்டு பேர் சேர்ந்து கட்டின வீடு, கப்பம்னா ஒருத்தர் கட்டி இன்னொருத்தர் வாடகை கொடுத்த வீடு. ஒரு நாட்டோட பிறப்பு முழுக்க ஒரே ஒரு கிரேக்கச் சொல்லுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. என் அபிப்ராயம், ஆரம்பத்துல ரெண்டுமே அதுக்குள்ள இருந்திருக்கும், வலுவானவன் கூட போடுற ஒப்பந்தம் எப்பவும் கொஞ்சம் கப்பம்தான்.

அப்ப 681ல நாடு பிறந்துச்சான்னு கேட்டா, ஒரு ஏற்பாடு பிறந்துச்சுன்னுதான் சொல்லுவேன். மேல குதிரைக்காரங்க, தங்களோட குலம், தங்களோட தெய்வம் தாங்ரா. கீழ உழவங்க, தங்களோட தலைவர்கள். எல்லை மட்டும் ஒண்ணு. இந்த ஏற்பாடு எவ்வளவு லேசானதுன்னு அடுத்த நூற்றாண்டு காட்டுது. அஸ்பாரூஹுக்கு அப்புறம் வந்த டெர்வெல் காலத்துல நல்லா போச்சு, மூக்கறுபட்ட பேரரசன் ரெண்டாம் ஜஸ்டினியனை 705ல திரும்ப சிம்மாசனத்துல ஏத்தி வச்சு சீசர்ங்கிற பட்டம் வாங்கினாரு, 717-718ல அரபுப் படை கான்ஸ்டான்டினோப்பிளை முற்றுகை போட்டப்ப உதவிக்குப் போனாரு. ஆனா 750களுக்கு அப்புறம் ஒரு கால் நூற்றாண்டு ராஜா மாத்தி ராஜா. டெலெட்ஸ் தோத்தான், கொன்னாங்க. சபின் சமாதானம் பேசப் பார்த்தான், உன்னால பல்கேரியா ரோமானியனுக்கு அடிமையாகப் போகுதுன்னு சொல்லித் துரத்தினாங்க. உமோர் நாப்பது நாள். டெலெரிக்ங்கிறவன் பேரரசருக்கு எழுதினான், நான் தப்பிச்சு உங்ககிட்ட வரப் போறேன், இங்க உங்களுக்கு நம்பிக்கையான ஆளுங்க யாருன்னு சொன்னா அவங்க உதவியோட வந்துடுவேன்னு, பேரரசரும் நம்பி ஒற்றர்களோட பேரைக் கொடுக்க, அத்தனை பேரையும் வெட்டிட்டான். அவ்வளவு கெட்டிக்காரன், கடைசியில 777ல அவனே கான்ஸ்டான்டினோப்பிளுக்கு ஓடிப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டான். குலங்களோட கூட்டுல நிக்கிற அரசு குலங்கள் அடிச்சுக்கிட்டா ஆடிப் போகும், அவ்வளவுதான் அந்தக் காலத்தோட கதை.

சோறு போட்டு வளர்த்தவன்

அதுக்கப்புறம் வந்த ராஜா க்ரூம்னு சொன்னாலே எல்லாருக்கும் அந்த மண்டை ஓடு ஞாபகம் வரும். 811ல பேரரசன் நிகிஃபோரஸ் ப்ளிஸ்காவைக் கொளுத்திட்டுத் திரும்பறப்ப பல்கர்கள் கணவாய்ல மரச் சுவர் கட்டி வழியை அடைச்சு ஜூலை 26 அன்னிக்கு படையோட பேரரசரையும் கொன்னாங்க. 378ல வாலென்ஸ் செத்ததுக்கு அப்புறம் போர்க்களத்துல ஒரு ரோமானியப் பேரரசர் சாகுறது அதுதான் முதல் தடவை. பேரரசரோட மண்டை ஓட்டுக்கு வெள்ளி கட்டி கிண்ணமாக்கினாங்க. நண்பர் இதை கார்ல சொன்னப்ப ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார், நான் அப்ப கவனிக்கல. அந்தக் கிண்ணத்துல க்ரூம் குடிக்க வச்சது ஸ்லாவ் தலைவர்களை. சடங்கு கொடூரம், அதை நான் மறைக்கல. ஆனா நூத்தி முப்பது வருஷம் முன்னாடி எல்லையில காவலுக்கு வச்ச கூட்டத்தோட தலைவர்கள் இப்ப ராஜாவோட பந்தியில உக்கார்ந்திருக்காங்க. அடுத்த வருஷம் கான்ஸ்டான்டினோப்பிளுக்கு சமாதானம் பேச அவன் அனுப்பின தூதனோட பேர் தர்காமெர், ஸ்லாவ் பேர்.

அவன் மகன் ஓமுர்டாக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேரரசோட முப்பது வருஷ சமாதானம் போட்டுட்டு கட்டடம் கட்ட ஆரம்பிச்சாரு, கல்லுல எழுத ஆரம்பிச்சாரு. எழுத்து கிரேக்கம், ஏன்னா சொந்த மொழிக்கு அப்படி எழுதுற வழக்கம் இல்ல. பட்டம் மட்டும் சொந்தம், கனசுபிகி. அந்தக் கல்வெட்டுகள்ல ஒரு வகை இருக்கு, செத்துப்போன தன்னோட ஆளுங்களுக்கு ராஜா நட்டு வச்ச நினைவுக் கல். ஓகோர்சிஸ்ங்கிறவன் படையோட போனப்ப நீப்பர் ஆத்துல முழுகி செத்தான், ஓனெகவோன்ங்கிறவன் டிஸா ஆத்துல முழுகி செத்தான். ரெண்டு பேரையும் குறிக்க ஒரே சொல்தான் போட்டிருக்கு, நான் சோறு போட்டு வளர்த்தவன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல். செஞ்சோற்றுக் கடன்னு கேட்டு வளர்ந்த எனக்கு அதுக்கு விளக்கம் தேவைப்படல. ஒரு நதி கிழக்க உக்ரைன்ல, ஒரு நதி மேற்க ஹங்கேரியில, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு மேப்ல பாருங்க. அவ்வளவு தூரத்துக்கு ஆளனுப்புற அரசு, செத்தவன் பேரை தேடி எழுதி வைக்கிற அரசு. குலத்தோட பேரையும் சேர்த்தேதான் எழுதுறாங்க, ஆனா இப்ப ஆளோட மதிப்பு ராஜாவோட சோத்துலேர்ந்து வருது.

ஸ்லாவ் குழுக்களுக்கு இது வலிக்காம நடக்கல. 818ல டிமோக் ஆத்துக்காரங்க பல்கர்களை விட்டுப் பிரிஞ்சு மேற்கு ஐரோப்பாவை ஆண்ட ஃபிராங்குகள் கிட்டப் போய் நின்னாங்க. 827ல பல்கர்கள் த்ராவா ஆத்துல கப்பல்ல ஏறிப் போய் அங்க இருந்த ஸ்லாவ் தலைவர்களைத் துரத்திட்டு தங்களோட அதிகாரிகளை வச்சாங்க. 681ல வச்ச பழைய ஒப்பந்தம் அந்தக் கப்பல்கள்ல கிழிஞ்சுது. தலைவனுக்கு பதிலா அதிகாரி.

நூத்தி ஆறு பதில்

இப்ப நான் ரொம்ப நாள் சுத்திச் சுத்தி வந்து நின்ன இடத்துக்கு வரேன். போரிஸ். 852ல பட்டத்துக்கு வந்தவர். ஃபிராங்குகளோட கூட்டு வச்சிருந்தவரை பேரரசு கப்பலும் படையுமா வந்து நெருக்குச்சு, நாட்டுல பஞ்சம் வேற, 864 வாக்குல கான்ஸ்டான்டினோப்பிள் வழியா கிறிஸ்தவரா மாறினாரு. பேரரசர் மூணாம் மிக்கேல் ஞானத்தந்தை, அதனால இவர் பேரும் மிக்கேல். உடனே பத்து மாவட்டத்துலயும் பெரிய மனுஷங்க கிளம்பி, எங்களுக்கு கெட்ட சட்டத்தைக் கொடுத்துட்டன்னு சொல்லி அவரைக் கொல்ல வந்தாங்க. போரிஸ் அடக்கினாரு. ஐம்பத்திரெண்டு தலைவர்களைக் கொன்னாருன்னு ஃபிராங்க் வருஷக் குறிப்பு சொல்லுது. அவங்க பிள்ளைங்களையும் சேர்த்து.

அதுக்கப்புறம் 866ல ரோமுக்கு, போப் முதலாம் நிக்கோலாஸுக்கு, ஆளனுப்பி கேள்விகள் கேட்டாரு. கான்ஸ்டான்டினோப்பிள் திருச்சபைத் தலைவர், அதாவது பேட்ரியார்க், ஃபோட்டியஸ் ஏற்கனவே நீளமா ஒரு கடிதம் அனுப்பியிருந்தாரு, இறையியலும் நல்ல அரசன் எப்படி இருக்கணும்ங்கிறதும் அதுல நிறைய இருந்துச்சு, இவர் கேக்க நினைச்சது அதுல இல்ல. போரிஸோட கடிதம் தொலைஞ்சு போச்சு. போப்போட பதில் மட்டும் இருக்கு, நூத்தி ஆறு பத்தி. நாம பதிலைப் படிச்சு கேள்வியை ஊகிக்கணும், ஃபோன்ல ஒரு பக்கம் மட்டும் கேட்டு மறுபக்கம் என்ன பேசினாங்கன்னு புரிஞ்சுக்கிற மாதிரி. நான் ரெண்டு ராத்திரி உக்கார்ந்து ஆங்கில மொழிபெயர்ப்புல முழுசா படிச்சேன்.

என்ன கேட்டிருக்காருன்னு பாருங்க. நாங்க பேன்ட் போடுறோமே, ஆம்பளையும் பொம்பளையும், அது தப்பா? புதன், வெள்ளிக்கிழமை குளிக்கலாமா? சண்டைக்குப் போறப்ப குதிரை வாலைக் கொடியா தூக்கிட்டுப் போவோம், இனிமே எதைத் தூக்கணும்? தலையில துணி கட்டிட்டு கோயிலுக்குள்ள போகலாமா? எங்க ராஜா தனியா மேஜையில சாப்பிடுவாரு, பொண்டாட்டி கூட பக்கத்துல உக்கார மாட்டாங்க, மத்தவங்க தள்ளி கீழ உக்காருவாங்க, அது சரியா? கத்தி மேல சத்தியம் பண்ணுவோம், இனிமே எது மேல பண்ணணும்? எல்லைக் காவல் காக்கிறவன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒருத்தன் ஓடிட்டா காவல்காரனைக் கொன்னுடுவோம், அதுக்கு என்ன சொல்றீங்க? பேட்ரியார்க் ஒருத்தரை நாங்களே வச்சுக்கலாமா? ஒரு கிரேக்கன் பாதிரியார்னு பொய் சொல்லி நிறைய பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துட்டான், காதையும் மூக்கையும் அறுத்துத் துரத்திட்டோம், அது பாவமா?

மேலோட்டமா பார்த்தா பேன்ட்டும் குளியலும் சின்ன விஷயமாத் தெரியும். எனக்கு படிக்கப் படிக்க மனசு கனத்துப் போச்சு. எதை விட்டா நாங்க நாங்களா இருக்க மாட்டோம், எதை விட்டாலும் நாங்க நாங்கதான், இந்தக் கோட்டை எங்க போடணும்னு ஒரு மனுஷன் ஒவ்வொரு துணியையும் ஒவ்வொரு வழக்கத்தையும் கையில எடுத்துக் காட்டிக் கேக்குறாரு. நான் கார்ல கேட்ட கேள்வியை, என்னை விட ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி, என்னை விட ஆழமா, அவங்களோட சொந்த ராஜாவே கேட்டிருக்காரு. போப் பொறுமையா பதில் சொல்றாரு. பேன்ட் போடுறதும் போடாததும் மோட்சத்துக்குத் தடை இல்ல. குதிரை வாலுக்குப் பதிலா சிலுவை. கத்திக்குப் பதிலா நற்செய்தி. தனியா சாப்பிடுறது மத விரோதம் இல்ல, ஆனா மரியாதையும் இல்ல. திருடனை அடிச்சு உண்மையை வாங்குற வழக்கத்தை மட்டும் கடுமையா கண்டிக்கிறாரு, வலிக்குப் பயந்து சொல்றது ஒப்புதல் ஆகாதுன்னு.

பதினேழாவது பத்தியில அந்தக் கொலை வருது. நாங்க தலைவர்களையும் அவங்க பிள்ளைங்களையும் வெட்டிட்டோம், நடுத்தர ஆளுங்களையும் சின்ன ஆளுங்களையும் விட்டுட்டோம், அந்த உயிர்கள் போனதுல எங்களுக்கு பாவம் உண்டான்னு கேட்டிருக்காரு. இதை யாரும் கட்டாயப்படுத்தி அவரைக் கேக்க வைக்கல. ஜெயிச்ச ராஜா, சாட்சி சொல்ல எதிரி ஒருத்தன் மிச்சம் இல்ல. பாவம் இருக்குன்னு நிக்கோலாஸ் சொல்றாரு, குத்தம் செய்யாத பிள்ளைங்களைக் கொன்னது தப்பு, ஆனா நீங்க மதத்து மேல இருந்த வேகத்துலயும் தெரியாமையிலயும் செஞ்சது, பரிகாரம் செஞ்சா மன்னிப்பு உண்டுன்னு. அந்த மன்னிப்பு எனக்கு இன்னும் ஒத்துக்கல. அந்தக் குழந்தைங்களோட பேர் எதுலயும் இல்ல, ஓகோர்சிஸ் மாதிரி ஆத்துல முழுகினவனுக்கு இருந்த கல் கூட இல்ல.

ஆனா நாடு உருவான இடம் எதுன்னு என்னைக் கேட்டா, ஓங்லோஸ் சதுப்பு இல்ல, கணவாய் இல்ல, இதுதான்னு சொல்லுவேன். நடுத்தர ஆளையும் சின்ன ஆளையும் விட்டுட்டு தலைக்கட்டுகளை மட்டும் வேரோட எடுத்தது, எங்க குலம்தான் அரசுன்னு நினைச்சவங்களோட கதையை முடிச்சுது. அதுக்கப்புறம் பல்கேரியன்ங்கிறதுக்கு ரத்தம் தேவைப்படல. ஸ்லாவ் உழவனும் பல்கர் வீரனும் ஒரே கோயில்ல ஒரே வரிசையில நிக்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம், பிள்ளைக்கு ஒரே பேர் வைக்கலாம். நல்லது இவ்வளவு ரத்தத்துலதான் முளைச்சுதுங்கிறதை நான் எழுதாம விட முடியாது, முளைச்சதனால அந்த ரத்தம் சரியாகிடுச்சுன்னும் எழுத மாட்டேன்.

எழுத்து வந்த வழி

மீதி வேகமா நடந்துச்சு. போரிஸ் கேட்ட ஆளை ரோம் ஆர்ச்பிஷப்பா கொடுக்கல, 870ல அவர் திரும்ப கான்ஸ்டான்டினோப்பிள் பக்கமே சாஞ்சு தனக்குன்னு ஒரு ஆர்ச்பிஷப்பை வாங்கிட்டாரு. பாதிரிமார்கள் கிரேக்கர்கள், வழிபாடு கிரேக்கத்துல, ஜனங்களுக்கு ஒண்ணும் புரியல. 886 வாக்குல மொராவியாவுலேர்ந்து துரத்தப்பட்ட, மிஷனரி மெத்தோடியஸோட சீடர்கள் கிளெமென்ட், நவும், அங்கெலார் மூணு பேரும் டான்யூப் வழியா வந்து சேர்ந்தாங்க. கையில ஸ்லாவ் மொழியை எழுதுற எழுத்தும் அதுல மொழிபெயர்த்த வேதமும். போரிஸ் அவங்களைத் தாங்கிக்கிட்டாரு. கிளெமென்ட்டை ஓஹ்ரித் பக்கம் அனுப்பினாரு, அங்க அவர் 3,500 பேருக்கு சொல்லிக் கொடுத்தாருன்னு அவர் வாழ்க்கை வரலாறு சொல்லுது. 889ல போரிஸ் மடத்துக்குப் போயிட்டாரு, மூத்த மகன் விளாதிமிர் ரசாதே பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான், 893ல அப்பா மடத்துலேர்ந்து வெளிய வந்து பெத்த மகனோட கண்ணைக் குருடாக்கிட்டு மூணாவது மகன் சிமியோனை பட்டத்துல ஏத்தினாரு. தலைநகர் ப்ளிஸ்காவுலேர்ந்து ப்ரெஸ்லாவுக்கு மாறுச்சு, கோயில்லயும் அரசாங்கத்துலயும் கிரேக்கம் போய் ஸ்லாவ் மொழி வந்துச்சு. அங்க அந்த ப்ரெஸ்லாவ்லதான் இன்னிக்கு ரஷ்யா வரைக்கும் எழுதுற சிரிலிக் எழுத்து உருவாச்சு.

நான் இங்கதான் பல நாள் தப்பா நின்னேன். அஸ்பாரூஹோட வம்சம் தன் மொழியைத் தோத்துப் போச்சுன்னு நினைச்சேன். ஆனா அந்த மொழியில கல்லு வெட்டாதவங்க, கிரேக்கத்தைக் கடன் வாங்கி எழுதினவங்க, கடைசியில எழுத்தைக் கொடுத்தது தங்களை விட அதிகமா இருந்த ஜனங்களோட மொழிக்கு. போரிஸ்ங்கிற பேரே பழைய பல்கர் பேர்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. அந்த ராஜா தன்னோட தாத்தாவோட தாத்தா பேசின பேச்சு தன் அரண்மனையில தேஞ்சு போறதைக் கேட்டுக்கிட்டேதான் இதைச் செஞ்சிருப்பாரு.

அண்ணன் தம்பிங்களை நினைச்சுப் பாருங்க. இத்தாலிக்குப் போனவங்க இத்தாலியர்களாகி கரைஞ்சாங்க. வோல்காவுக்குப் போனவங்க தங்களுக்குன்னு அரசு கட்டினாங்க, 922ல பாக்தாத்லேர்ந்து இப்னு ஃபத்லான் தூதா வந்தாரு, இஸ்லாத்தை ஏத்துக்கிட்டாங்க, 1236ல மங்கோலியர்கள் அழிச்சாங்க. அந்தப் பக்கத்துல இன்னிக்கும் சுவாஷ் மக்கள் பேசுற மொழிதான் அந்தப் பழைய பல்கர் பேச்சுக்கு உயிரோட இருக்கிற கிட்டத்து சொந்தம். பேச்சு வோல்கா கரையில இருக்கு, அங்க பல்கேரியான்னு ஒரு நாடு இல்ல. டான்யூப் கரையில நாடு இருக்கு, பேச்சு இல்ல. அப்பா குப்ராத்தோட சொத்தை பிள்ளைங்க பாகம் பிரிச்சுக்கிட்ட மாதிரி, ஒருத்தனுக்கு மொழி, ஒருத்தனுக்கு பேர்.

அந்த சனிக்கிழமை நாங்க மதாரா பாறை கீழ நின்னோம், தரையிலேர்ந்து இருபத்தி மூணு மீட்டர் உயரத்துல குதிரைக்காரன், குதிரை காலடியில சிங்கம், பின்னாடி நாய், மழையில ரொம்ப தேஞ்சு போயிருக்கு. ப்ளிஸ்காவுல மண் கரைக்குள்ள 23 சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் வயல்வெளி, நடுவுல போரிஸ் காலத்துப் பெரிய கோயிலோட தூண்கள். கேள்வி கேட்டதுலேர்ந்து நண்பர் மரியாதையா மட்டும் பேசிட்டு இருந்தார். மறுநாள் திரும்பறப்ப அவராவே வெலிகோ தார்னோவோவுல காரை நிறுத்தி நாப்பது தியாகிகள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். 1230ல ரெண்டாம் இவான் ஆசென் கட்டின கோயில், 1908ல நாட்டோட சுதந்திரத்தை அறிவிச்சதும் இங்கதான். உள்ள ஆசென் தன் வெற்றியை ஸ்லாவ் மொழியில வெட்டின தூண் ஒண்ணு. அதே வரிசையில இன்னொரு தூண், நானூறு வருஷம் பழசு, எங்கிருந்தோ எடுத்துட்டு வந்து கோயிலைத் தாங்க நட்டு வச்சது. ஓமுர்டாக்கோட தூண். தாங்ராவைக் கும்பிட்டவரோட தூண், கிரேக்க எழுத்துல. மனுஷன் நல்லா வாழ்ந்தாலும் செத்துப் போறான், இன்னொருத்தன் பிறக்கிறான், கடைசியா பிறந்தவன் இதைப் பார்த்து செஞ்சவனை நினைச்சுக்கட்டும்னு அதுல எழுதியிருக்கு.

நண்பர் கிட்டப் போய் நின்னார். "எனக்கு கிரேக்கம் தெரியாது"ன்னார், "ஆனா எங்க எழுத்து இந்த எழுத்துலேர்ந்துதானே வந்துச்சு." கல்லைத் தொடாம, ரெண்டு அங்குலம் தள்ளி விரலை நகர்த்திக்கிட்டே எழுத்து எழுத்தா தேடினார். ரொம்ப நேரம் எடுத்துச்சு, பின்னாடி வந்தவங்க எங்களைச் சுத்திப் போனாங்க. அப்புறம் ஒரு இடத்துல விரல் நின்னுச்சு, உதடு அசைஞ்சுது, மெதுவா கூட்டிக் கூட்டி அந்தப் பேரைப் படிச்சார். ஓமுர்டாக். என்னைத் திரும்பிப் பார்த்துட்டு இன்னொரு தடவை, இந்த தடவை எனக்குக் கேக்குற மாதிரி.